பத்து நிமிஷம் அசையாதே!

திரையில் இருந்த பச்சைப் பொட்டு மறுபடி நடுங்கியது. "போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பரத்வாஜ்.

நட்சத்திரம் மின்னினால் நாமெல்லாம் ரசிப்போம். பரத்வாஜுக்கு அது ஆகவே ஆகாது. மின்னுவது நட்சத்திரம் அல்ல, நடுவில் காற்று பண்ணும் சேஷ்டை. அதற்கு ஏற்றாற்போல் நொடிக்கு ஆயிரம் தடவை நெளிந்து கொடுத்து, பிம்பத்தை அசையாமல் நிறுத்தும் கண்ணாடி ஒன்றை அடையாறு ஆய்வுக்கூடத்தில் ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் தேர்வுக் குழு அதை வீடியோவில் பார்க்கப்போகிறது. நட்சத்திரத்துக்குப் பதிலாக விட்ட லேசர் பொட்டு பத்து நிமிஷம் ஆடாமல் நின்றால் கண்ணாடி மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கிக்குப் போகும். ஆடினால் பீரோவுக்குப் போகும். மணி இப்போது இரண்டரை.

"காலைல நான் தனியா பார்த்தப்போ ஆணி அடிச்ச மாதிரி நின்னுது சார்," என்றாள் ஆராய்ச்சி மாணவி சிம்ரா.

"அப்போ கீழ கான்டீன்ல மிக்ஸி ஓடலை. அதிர்வும்மா, எல்லாம் அதிர்வு!"

இறங்கி ஓடினார். கான்டீன் நடத்தும் ஜமீலுன்னிசா தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மிக்ஸியை நிறுத்துங்க. என் நட்சத்திரம் ஆடுது."

"என் சட்னிக்கும் உன் நட்சத்திரத்துக்கும் இன்னா சார் சம்பந்தம்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றாலும் பிளக்கைப் பிடுங்கினார். "வடையை வெறுமனே துன்னுட்டுத் திட்டுவாங்க. அந்தத் திட்டு உனக்குத்தான்."

அதற்குள் சிம்ராவிடமிருந்து போன். "சார், நின்னுடுச்சு!"

வெற்றி வீரராக மாடியேறி, கண்ணாடி இருந்த மேசை முன் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் நின்ற பொட்டு பிறகு முன்னைவிட அதிகமாக நடுங்கியது.

"ஏசி!" என்று பாய்ந்து போய் அதை அணைத்தார். சித்திரை வெயிலில் அறை இட்லிப் பானையாயிற்று. வியர்வையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். பொட்டு குதிக்கவே ஆரம்பித்துவிட்டது.

மிச்சம் இருந்தது லிஃப்ட்தான். மூன்றேகாலுக்குக் கீழே ஓடி, வாட்ச்மேன் கபாலியைப் பிடித்தார்.

"லிஃப்டை ஆஃப் பண்ணு."

"உள்ள ஆளு கீதான்னு பாக்க வாணாமா சார்?"

"நேரமில்லப்பா!" என்று தானே சுவிட்சைத் தட்டினார்.

"சார், நின்னுடுச்சு!" என்று மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சிம்ரா கூவினாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று பரத்வாஜ் கபாலியைக் கட்டிப்பிடித்தார்.

"யாரது? நான் உள்ள மாட்டிண்டிருக்கேன்!" என்று லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நிறுவனத்தின் இயக்குநர் சூடாமணி. குழுவிடம் பரத்வாஜுக்காகப் பரிந்து பேச வேண்டியவரே அவர்தான்.

சுவிட்சை மறுபடி போட்டார்கள். லிஃப்ட் அசையவில்லை. வேளச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்து அவரை வெளியே எடுத்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. சூடாமணி பரத்வாஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏசி இல்லாத அறைக்குள் வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலு மணிக்குக் குழு வீடியோவில் வந்தது. பரத்வாஜ் மேசை முன் அமர்ந்து, இஷ்ட தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். பொட்டு பேயாட்டம் ஆடியது.

"இது நட்சத்திரமா, தஞ்சாவூர் பொம்மையா?" என்றார் குழுத் தலைவர்.

"ஏழு வருஷம், பரத்வாஜ்!" என்றார் சூடாமணி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

பீரோவின் மேல்தட்டில் துணி போர்த்திக் கிடக்கப்போகும் கண்ணாடியை நினைத்ததும் பரத்வாஜுக்கு அழுகையே வந்துவிட்டது. மிக்ஸி ஓடவில்லை. ஏசி ஓடவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. இனி நிறுத்துவதற்கு உலகத்தில் என்னதான் பாக்கி இருக்கிறது?

மெக்கானிக்கின் சீட்டில் கையெழுத்து வாங்க வந்து, வாசலிலேயே நின்றிருந்த கபாலி தலையைச் சொறிந்தான்.

"கோச்சுக்காத சார்... மேசைல முட்டிய சாச்சிக்கினு கால ஆட்டிக்கினே கீறியே, அத்த நிறுத்தேன்."