மூன்று பொத்தான் போன்

ஒரு பெண்டாட்டியை ஏமாற்ற எத்தனை பொத்தான் வேண்டும்? மூன்று போதும் என்று தீர்மானித்தார் போடி ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ்.

கடைக்குப் புதுப் போன் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. முதல் இரண்டு பொத்தான் வெளி லைன். மூன்றாவது, கடைக்கு மேலேயே இருக்கும் வீட்டுக்கு. ஒன்றை அமுக்கினால் மற்ற இரண்டிலும் இருப்பவர்கள் காத்துக்கிடக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. அதுவரை இருந்தது ஒரே லைன். கொச்சிக்கு டிரங்க் கால் கிடைத்தால் பொன்னுராஜ் போடுகிற கத்தலில் மாடியின் மரத்தரை அதிரும், அலமாரியில் தட்டுகள் ஆடும்.

வருகிற ஞாயிறு கூடலூரில் மச்சினி பிள்ளைக்கு ஞானஸ்நானம். போனால் மாமனார் தன் குடலிறக்க ஆபரேஷனைத் தையல் தையலாகச் சொல்வார். ஐந்தாவது முறை. அதே ஞாயிறு, சிநேகிதன் ஏசுதாசனோடு மலைமேல் தோட்டத்து பங்களாவில் சீட்டும் நாட்டுக்கோழியும். பொன்னுராஜ் ரொம்ப யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று பொத்தானிலும் விளக்கு எரிந்தது.

“என்னங்க, கூடலூருக்கு ஜீப் எத்தனை மணிக்கு? அப்பா ஆள் விட்டுக் கேட்டாக,” என்றாள் மாடியிலிருந்து மனைவி ஞானபாக்கியம்.

“இரு பாக்கியம், கொச்சி லைன்ல இருக்கு.”

ஒன்றாம் பொத்தான். ஜீப்காரன் செல்லப்பாண்டி. “முதலாளி, ஞாயித்துக்கிழமை மலைக்கா, கூடலூருக்கா? அக்கா ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீக.”

“மலைக்குத்தான்லே.” மாடிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கிசுகிசுத்தார்.

இரண்டாம் பொத்தான். ஏசுதாசன். “மாப்ள, கோழி ரெண்டு புடிச்சாச்சு.”

“மூணா புடி.” இன்னும் சன்னமாக.

மூன்றாம் பொத்தான். “பாக்கியம், கொச்சி முதலாளி ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றாக. சரக்கு பாக்கணுமாம். நான் எப்பிடி வர?”

“இவ்வளவு நேரம் அவுககூடத்தான் பேசுனீகளா?”

“பின்ன?”

“சரி. நான் பாத்துக்கிடுறேன்.”

இருபது வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் ‘சரி’ என்றது அதுதான் முதல் தடவை. கொச்சி முதலாளி பேருக்கே பயந்திருக்க வேண்டும். பொன்னுராஜ் போனைத் துண்டால் ஆசையாகத் துடைத்தார்.

ஞாயிறு காலை வாசலில் ஜீப் நின்றது. பின் சீட்டில் படிய வாரிய தலையோடு ஏசுதாசன். பக்கத்தில் அவன் பெண்டாட்டி அன்னத்தாய். காலடியில் மூன்று கோழி. ஏசுதாசன் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏறுங்க,” என்றாள் ஞானபாக்கியம். “கோழி அப்பா வீட்டுக்கு. போன தடவை ஆபரேஷன் கதையில நீங்க பாதியில எந்திரிச்சு வந்துட்டீகளாம், வருத்தப்பட்டாக.”

“கொச்சிக்காரரு வருவாரே...”

“அன்னத்தாய்கிட்ட விசாரிச்சேன். அவ வீட்டுக்கும் இன்னைக்கு அவருதான் வர்றாராம். அவ வீட்டுக்காரரு வச்சிருக்கது சைக்கிள் கடை.”

பொன்னுராஜ் ஏறினார். பண்ணைப்புரம் தாண்டும்வரை மண்டைக்குள் ஒரே குடைச்சல். ஒரு பொத்தான்கூட மாற்றி அமுக்கவில்லையே!

“அவகிட்ட விசாரிக்கணும்னு உனக்கு எப்பிடித் தோணுச்சு?”

“நீங்க கொச்சியோட பேசுனா தட்டெல்லாம் ஆடும். அன்னைக்கு ஒரு டம்ளர்கூட அசையலையே.”