ரெண்டேகால் பார்த்த முக்கால் படம்

படம் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. படத்துக்கு மார்க் போடப் போகிறவர்கள் உண்டு. முதல் வகையினரைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. டிக்கெட் வாங்குகிறார்கள், சிரிக்கிறார்கள், மூக்கைச் சிந்துகிறார்கள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அப்பாவிகள். இரண்டாவது வகைதான் நம்முடைய ஆள். அவரைக் கண்டுபிடிக்க நீங்கள் ரொம்ப அலைய வேண்டியதில்லை. தியேட்டரில் எல்லாரும் திரையைப் பார்த்துச் சிரிக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, "இதுக்கெல்லாமா சிரிக்கிறாங்க?" என்று சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரேதான்.

இந்த வகை ஆளிடம் "படம் எப்படி?" என்று கேட்டால் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு பதில் வராது. முதலில் ஒரு பெருமூச்சு வரும். அப்புறம் "ம்ம்ம்..." என்று ஓர் இழுவை. அப்புறம், "ஒன் டைம் பார்க்கலாம்." ஒரு படத்தை வேறு எத்தனை தடவை பார்ப்பது?

எந்த வகைப் படத்துக்கும் அவரிடம் ஒரு குறை தயாராக இருக்கும். பேய்ப் படமா? "பயமே இல்லைங்க." (படம் முழுக்கப் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்காதீர்கள்.) சண்டைப் படமா? "ஒருத்தன் எப்படிங்க நாப்பது பேரை அடிப்பான்? லாஜிக் வேணாமா?" அடிக்காமல் விட்டிருந்தால், "சண்டைக் காட்சியில தெம்பு இல்லை." காதல் படமா? "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒட்டவே இல்லை." சிரிப்புப் படமா? "சிரிப்பு வந்துச்சு, இல்லைங்கலை. ஆனா வெளியில வந்ததும் மறந்துடுச்சு." குழந்தைகளுக்கான கார்ட்டூன் படத்தைக்கூட விட்டுவைக்கமாட்டார். "எல்லாம் சரி, அந்த முயல் எதுக்காக ஆத்துல குதிச்சுது? டைரக்டர் அதைச் சொல்லவே இல்லையே?"

முயலிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே கண்ணைச் சோதித்து, லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார் ஒருவர். வேலையில் படுகெட்டிக்காரர். அவர் போட்டுத் தந்த கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தால் இருப்பதே தெரியாது. அவருக்கு ஊர் வைத்த பெயர் ரெண்டேகால். ஐந்துக்கு மார்க் போடுவார். எந்தப் படமாக இருந்தாலும் இரண்டேகால்தான். ஒரே ஒரு படத்துக்கு இரண்டரை கொடுத்ததாக ஒரு வதந்தி உண்டு. அவர் மறுத்துவிட்டார்.

மற்ற விமர்சகர்களுக்கு இல்லாத ஒரு வசதி ரெண்டேகாலுக்கு இருந்தது. அவருடைய ரசிகர்களால் எழுந்து ஓட முடியாது. இருட்டு அறையில் உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை அடைத்துவிட்டால் மனிதன் எங்கே போவான்? எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை எரியும். ரெண்டேகால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே பேசுவார்.

"முதல்ல நல்லா இருந்துச்சா, ரெண்டாவது நல்லா இருக்கா?"

"நான் இன்னும் படம் பார்க்கலைங்களே."

"லென்ஸைக் கேட்டேன் சார்."

இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. கண் பரிசோதனைக்குப் போனவர்கள் புதுப் பவரோடும், அந்த வாரம் வந்த மூன்று படங்களைப் பார்க்கும் ஆசை அடியோடு போன மனதோடும் வெளியே வருவார்கள். கடை முதலாளியம்மாவே அவரால் சினிமாவுக்குப் போவதை விட்டுவிட்டார். "எதுக்குப் போகணும்? இவர் வந்து குறை சொல்லிக் காமிச்சிடறாரே," என்பார்.

வெளியில் யாருக்கும் தெரியாத ஒன்று, ரெண்டேகாலின் மனைவிக்கு மட்டும் தெரியும். அவர் எந்தப் படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. முடிவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே எழுந்துவிடுவார். "இப்பவே கிளம்பினாத்தான் வண்டி எடுக்க முடியும். கூட்டத்துல மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்!" மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள், வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்ப கடைசியில என்னங்க ஆகும்?" என்று கேட்பார். அவரும் தயங்காமல் ஒரு முடிவைச் சொல்வார். பதினோரு வருடங்களாக அந்த அம்மாள் அதைத்தான் படத்தின் முடிவு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. என் கண்ணாடியின் காது கழன்றுவிட்டதால் நான் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சோதனை அறையின் கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் ஒல்லியான ஒருவர். சந்தைப் பக்கம் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பக்கத்தில் இருக்கும் பூட்டின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது.

ரெண்டேகால் அந்த வாரக் கச்சேரியை ஆரம்பித்தார். பேய்ப் படம் முடிந்தது, காதல் படம் முடிந்தது. கடைசியாக ஒரு துப்பறியும் படத்துக்கு வந்தார்.

"அதை ஏன் கேக்கறீங்க! ஒரு பங்களா. நடுக் கூடத்துல ஒரு பிணம். போலீஸ், டாக்டர், சொந்தக்காரங்கன்னு இருபது பேர் சுத்தி நிக்கறாங்க. சார், அந்தப் பிணம் மூச்சு விடுது! வயிறு ஏறி இறங்குது! நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணுக்கே டிமிக்கி குடுக்கப் பார்க்கறாங்க. செத்த மாதிரி படுக்கக்கூடத் தெரியாத ஆளையெல்லாம் எங்கே போய்ப் பிடிக்கறாங்கன்னு தெரியலை. இப்ப சொல்லுங்க, மூணாவது வரி தெரியுதா?"

"அது நான்தான் சார்," என்றார் பூட்டுக்காரர்.

"மூணாவது வரியா?"

"இல்லை சார். அந்தப் பிணம்."

முதலாளியம்மா ஃப்ரேம் துடைப்பதை நிறுத்தினார். ரெண்டேகாலின் கையில் இருந்த லென்ஸ் அந்தரத்தில் நின்றது. சமாளிக்க வேண்டுமே! "மத்தபடி... நல்லாத்தான் படுத்திருந்தீங்க," என்றார்.

பூட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் ஒரு கண் அடைபட்ட நிலையிலேயே ரெண்டேகாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க ஒருத்தர்தான் சார் கண்டுபிடிச்சிருக்கீங்க! அந்தப் பங்களாவுல இரும்புப் பெட்டி திறக்கலைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அடிப்பூட்டைப் பார்க்கறதுக்காகத் தரையில படுத்தேன். டைரக்டர் பார்த்துட்டு, 'அப்படியே படுத்திருங்க, அசையாதீங்க'ன்னுட்டார். மூணு நாள் மூச்சை அடக்கிப் படுத்திருந்தேன் சார். நாலாவது நாள் அவரே காதுல வந்து, 'இன்னிக்கு மட்டும் லேசா விடுங்க, புத்திசாலிங்க கண்டுபிடிக்கட்டும்'னார். ஒருத்தரும் கவனிக்கலைன்னு அவருக்கு ரொம்ப வருத்தம். உங்களைப் பத்திச் சொன்னா சந்தோஷப்படுவார். சரி, முன்னாடியே கண்டுபிடிச்சிட்டீங்களே, கடைசியில நான் எழுந்து உட்கார்ந்தப்ப உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்காதே?"

ரெண்டேகால் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"எழுந்து... உட்கார்றீங்களா?"

"என்ன சார், படமே அதுதானே!"

முதலாளியம்மா மெதுவாக எழுந்து அறை வாசலுக்கு வந்தார். "ஏன் தம்பி, அப்ப நீங்க படத்தை முழுசாப் பார்க்கலையா?"

"கடைசிக் கால் மணி நேரம் மட்டும்தாம்மா..."

"போன வாரப் படம்?"

ரெண்டேகால் கையிலிருந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அதுக்கு முந்தின வாரம்?"

முதலாளியம்மா, தான் போகாமல் விட்ட மூன்று வருடச் சினிமாக்களை நினைத்தபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பூட்டுக்காரருக்கு இந்த நாடகம் எதுவும் புரியவில்லை. அவருடைய கவலையே வேறு. "எனக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி வேணும் சார். நாளையோட தியேட்டர்ல இருந்து படத்தை எடுக்கறாங்க. முதல் நாள் கம்பெனிக்காரங்க எங்க எல்லாருக்கும் கடைசி வரிசையில சீட் குடுத்தாங்க. நான் எழுந்திருக்கிற இடத்துல தியேட்டரே கை தட்டுது. எனக்கு வெறும் பஞ்சு மூட்டை மாதிரி ஏதோ அசையறது தெரிஞ்சுது. என் சம்சாரம்தான், 'நீங்கதான், நீங்கதான்'னு சொன்னா. நான் இன்னும் என்னைப் பார்க்கவே இல்லை சார்."

இதைக் கேட்டதும் ரெண்டேகாலின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பலகையில் எழுத்துகளைக் காட்டி எத்தனையோ பேரை "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டவருக்கு அன்றைக்குத்தான் ஏதோ தெரிந்தது போலிருந்தது. அந்த ஆளின் வலது கண்ணுக்கு வேண்டிய லென்ஸ் கடையில் இல்லை; மொத்த விற்பனைக் கடையிலிருந்து வர மூன்று நாள் ஆகும். "நாளைக்கு ஆறு மணிக்குத் தியேட்டர் வாசல்ல நில்லுங்க. நானே கொண்டு வர்றேன்," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு ஒரு படத்துக்குப் போகலாமா?"

"எந்தப் படம்?" என்று கேட்டிருக்கிறார் மனைவி.

"போன வாரம் பார்த்தோமே, அந்தத் துப்பறியும் படம்."

"அதான் பார்த்தாச்சே. தோட்டக்காரன்தான் கொலைகாரன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்தப் படத்தில் தோட்டமே கிடையாது. ரெண்டேகால் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையை ஒப்புக்கொண்டார். மனைவி கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தக் காதல் படத்துல பையன் வெளிநாட்டுக்குப் போயிட்டான்னு சொன்னது?" என்று கேட்டார். "நான் அதை ஆபீஸ்ல சொல்லப் போய், 'அவங்களுக்குக் கல்யாணம் ஆகி இரட்டைக் குழந்தையே பிறந்துடுச்சே'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அவங்கதான் ஏதோ உளர்றாங்கன்னு நான் சண்டை போட்டேனே! பதினோரு வருஷமா எனக்கு எந்தக் கதையும் முடியலையா?"

மறுநாள் காலை ரெண்டேகால் பஸ் பிடித்து ஊரின் அந்தக் கோடிக்குப் போய் லென்ஸ் வாங்கி வந்தார். தேய்க்கும்போது, பதற்றத்தில் ஓரம் விண்டுவிட்டது. இருபது வருடத்தில் முதல் தடவை. மறுபடி பஸ், மறுபடி லென்ஸ். மத்தியானம் சாப்பாடு இல்லை. ஐந்தரைக்குக் கண்ணாடி தயாரானது. முதலாளியம்மா கடையைப் பூட்டிக்கொண்டு, "நானும் வர்றேன்," என்றார். சும்மா விடுவேனா? நானும் கிளம்பிவிட்டேன்.

தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. முன்னால் பூட்டுக்காரர், அவர் மனைவி, இரண்டு மகள்கள். பின்வரிசையில் நாங்கள். ரெண்டேகாலுக்குப் பழக்கதோஷம் விடுமா? சரியாகக் கால் மணி நேரம் இருக்கும்போது கால் தானாக எழுந்தது. மனைவி திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "உட்காருங்க."

உட்கார்ந்தார்.

கூடத்தில் எல்லாரும் சொத்துக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிணம் சாவகாசமாக எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, "எல்லாரும் பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டது. என்ன நடக்கும் என்பது ரெண்டேகாலுக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்தும் மனிதர் "ஐயோ!" என்று அலறிவிட்டார். அப்புறம் கை தட்டினார். நிறுத்தாமல் தட்டினார். பூட்டுக்காரரின் மகள்கள் "அப்பா! அப்பா!" என்று திரையையும் அவரையும் மாறி மாறிக் காட்டினார்கள்.

பூட்டுக்காரர் கண்ணாடியை ஒருமுறை சரிசெய்துகொண்டு, தன்னையே உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு இவ்வளவு முடியா கொட்டிப்போச்சு?"

"இப்பத்தான் தெரியுதா?" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

திரையில் பெயர்கள் ஓடின. கடைசிக்கு முந்தின வரியில் அவர் பெயரும் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்தார். வண்டி நிறுத்தத்தில் ஒரே நெரிசல். ரெண்டேகால் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற மனைவி முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை கதையை ஒருமுறை சொல்லி முடித்தார். அவர் ம்ம் கொட்டிக்கொண்டே கேட்டார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார். மனைவி ஒரு நோட்டில் தனக்கு நினைவிருக்கிற நாற்பத்தேழு படங்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். வாரம் ஒன்றாக இருவரும் வீட்டில் உட்கார்ந்து அவற்றின் கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் பார்த்து வருகிறார்கள். முதலாளியம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தியேட்டருக்குப் போகிறார். ரெண்டேகால் இப்போது எந்தப் படத்துக்கும் முடிவுவரை உட்காருகிறார். அதனால் கடையில் அவருடைய விமர்சனமும் கால் மணி நேரம் நீண்டுவிட்டது. ஆனால் நாற்காலியில் உட்காருகிறவரிடம் முதலில், "நீங்க சினிமாவுல ஏதும் நடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்லவேளை, நாம் அப்படியெல்லாம் இல்லை, இல்லையா? ஆனால் போன வாரம் நீங்கள் ஒரு படம் முடிந்து படியிறங்கி வந்தீர்களே, அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்ற யாரோ ஒருவர், முகமெல்லாம் ஆசையாக, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாரே. அப்போது உங்கள் கீழுதடு ஒரு பக்கமாக லேசாகப் பிதுங்கியது. நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அந்த வரிசையில், அவருக்கு அடுத்த ஆளாக நின்றவன் நான்தான்.