சம்பங்கியின் கண் விஷயமாகக் குடியாத்தத்துக்கு

கோரமண்டல், கோலார் தங்கவயல்
1904, ஆவணி 12

மூத்த மைத்துனியார் பார்வதம்மாள் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தசரதன் நமஸ்கரித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடும் இரண்டு கோழிகளும் சுகம். சம்பங்கியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

அண்ணி, பதினெட்டு வருஷத்துக்கு முன் நாங்கள் வந்தபோது இங்கே ரயில் ஏது, மாட்டுவண்டிதான். தட்டிக் குடிசையில் இருந்தோம். ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து இருநூறு பேர் ஒரே தூசியாக மேலே வருவோம், பெற்ற தாய்க்கே பிள்ளை தெரியாது. உங்கள் தங்கை கல்மேட்டில் நின்று, நான் தலை நீட்டுவதற்குள், "இன்னாங்க, இந்தாண்ட" என்பாள். எப்படித் தெரிந்தது என்றால், "உங்க எடது தோள் தாழ்ந்திருக்கும்" என்பாள். ஒருத்தி என்னை அப்படிப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாலே அன்றைக்கு உடம்புவலி தெரியாது.

அந்தக் கண்ணுக்குத்தான் இரண்டு வருஷமாக ஏதோ ஆகிவிட்டது. காலையில் ஊசியில் நூல் கோப்பாள், சாயங்காலம் கோழி எது கூடை எது என்று தெரியாது. மணல் விழுந்தாற்போல உறுத்துகிறது என்பாள். குளிர்காலத்தில் குப்பென்று வியர்த்து, கதவைத் திறந்து வைப்பாள். சந்தையில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டேன், இல்லாத வாசற்படியில் கால் வைத்து விழுந்தாள். போன வாரம் ஏசுபாதம் என்கிறவரை நான் என்று நினைத்து, வெற்றிலைக்கடையில் நின்றதற்காகத் திட்டிக்கொண்டே வீடு வரைக்கும் கூட்டி வந்துவிட்டாள். நான் வந்தபோது அவர் என் தட்டில் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னா பண்றது அண்ணே, பேசாம துன்னுன்னாங்க, துன்றேன்" என்றார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இருநூறு பேர்ல தெரிஞ்சீங்க. இப்ப ஒத்த ஆளா வந்தாலும் தெரியல" என்றாள். அன்றிலிருந்து வெளியே போவதில்லை.

நேற்று தெலுங்கு மருத்துவச்சி நரசம்மா வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நான் சுவரோரம் நின்றேன்.

"வீட்டுக்குத் தூரமாவறது நின்னு எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு வருசம்."

"கண்ணும் அதோடதான். இந்த வயசுல ஒடம்பு காஞ்சி சூடு ஏறும், கண்ணுல தண்ணி வத்தும். எனக்கும் வந்துச்சு, குருடாயிட்டேனா? அடுப்புப் பொகையில குந்தாதே. காய்ச்சி ஆறின தண்ணியில துணி நனைச்சி கண்மேல போடு."

அந்த விஷயத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் கேட்க நாக்கு எழவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் ஐந்து வயது மூத்தவர். இது நிஜமா? உங்களுக்கும் வந்ததா? உடனே புறப்பட்டு வந்து அவளை ஒரு மாதம் குடியாத்தம் கூட்டிப் போங்கள். அவள் பயப்படுகிறாள். அவளைவிட நான்.

சகலையாருக்கு வணக்கம். சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். குலதெய்வம் எல்லோரையும் நல்லபடி வைக்கட்டும்.

இப்படிக்கு,
தசரதன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் சம்பங்கி காலை வெளிச்சத்தில் இதைக் கை நீட்டி எட்டப் பிடித்து முழுவதும் படித்துவிட்டாள். "இதெல்லாம் அக்கா போன தையிலயே எழுதிட்டா. அவளுக்கு ஆறு வருசமா இதே கண்ணுதான். அவ வூட்டு மாமாவாண்ட சொல்லாதேன்னா, அதான் உங்களாண்டயும் சொல்லல. நரசம்மா சொன்ன அப்புறம்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு" என்றாள். ஆகவே மேலே கேட்டது எதற்கும் பதில் வேண்டாம். அவளைக் கூட்டிப்போகவும் வேண்டாம், என்னை விட்டு வரமாட்டாளாம். நீங்கள் வந்து சில நாள் இருங்கள். ஸ்டேஷனில் என்னைத் தேட வேண்டாம், நானே வந்து கூப்பிடுகிறேன்.