அரசாங்க எலிக்கு ஐஸ் கொசோங்

பெக்கான் நானாஸ் ஊர்ல இருக்குற எங்க சித்தப்பா அடிக்கடி ஒன்னு சொல்வாரு. "கடைக்குப் போறதுக்கு முன்னால நாக்கை..." நாக்கைக் கழுவச் சொன்னாரா, மடிச்சு வைக்கச் சொன்னாரா, மறந்துபோச்சு.

அன்னைக்கு வேலை சின்னது. ஐஸ் வாங்கணும்.

மலேசியாவுல, ஜொகூர் பாருல ஒரு அரசாங்க ஆய்வுக்கூடத்துல இருக்கேன். உடம்போட நோய் எதிர்ப்புச் செல்லுங்க, ஒரு தடவை பார்த்த கிருமியை எப்படி வருஷக்கணக்கா ஞாபகம் வச்சிருக்குதுன்னு எலிங்கள வச்சு ஆராயுறோம். மருந்து எங்கேன்னு கேக்காதீங்க. மொதல்ல அது எப்படி நடக்குதுன்னு தெரியணும்ல.

காலையில ஐஸ் மிஷின் படுத்துருச்சு. ஆய்வக உதவியாளர் சாந்தி வந்து நின்னாங்க.

"டாக்டர், எலியிலேர்ந்து எடுத்த செல்லெல்லாம் குழாய்ல இருக்கு. மத்தியானத்துக்குள்ள ஐஸ்ல வைக்கலைன்னா செத்துரும். மாசக்கணக்கா பாத்த வேலை."

"நான் வாங்கிட்டு வரேன்"னேன், வீரமா.

எதிர்த்தாப்புல காதர் அண்ணனோட மாமாக் கடை, அதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. ரொம்ப வருஷம் ஸ்காட்லாந்துல இருந்துட்டுத் திரும்பினவன் நான். ஊர்ப்பேச்சு மறக்கலைன்னு காட்டணுமே. எதுவும் கலக்காத வெறும் ஐஸ் வேணும். வெறும்ங்கிறதுக்கு மலாய்ல கொசோங்.

"அண்ணே, ஐஸ் கொசோங். நெறைய புங்குஸ் பண்ணுங்க."

பார்சலாக் கட்டிக் குடுத்த பையைத் தூக்கிட்டு ஓடினேன். சாந்தி பிரிச்சாங்க. உள்ள பொட்டலம் பொட்டலமா தண்ணி. ஒவ்வொன்னுலயும் ரெண்டு துண்டு ஐஸ், ஒரு ஸ்ட்ரா.

"டாக்டர், மாமாக் கடையில ஐஸ் கொசோங்னா குடிக்கிற ஐஸ் தண்ணி லா."

செல்லுக்கு ஞாபகம் இருக்கு. எனக்குத்தான் இல்ல.

திரும்ப ஓட்டம்.

"அண்ணே, தண்ணி வேணாம். ஐஸ் மட்டும்."

"தண்ணி இல்லாம எப்படிக் குடிப்பீங்க?"

"குடிக்க இல்லண்ணே. எலிக்கு."

பக்கத்து மேசைப் பெரியவர் மீ கோரெங் நூடுல்ஸைக் கரண்டியால கிளறிப் பாத்தாரு.

காதர் அண்ணன் குரலைத் தாழ்த்தினாரு. "ஏன் சார், நடுக்கடையில நின்னு எலின்னு சொல்லலாமா?"

"ஐயோ, உங்க எலி இல்லண்ணே. அரசாங்க எலி."

"உங்க எலின்னா? இங்க எலி இருக்குங்கிறீங்களா?"

பெரியவர் பேச்சுல நுழைஞ்சாரு. "அரசாங்க எலிக்கு ஐஸ் வேற குடுக்குறாங்களா?"

"அதுக்குக் குடுக்கலங்கய்யா. அதை அறுத்தாச்சு. உள்ள இருந்ததைத்தான் ஐஸ்ல வைக்கணும்."

பெரியவர் தட்டைத் தள்ளி வச்சாரு. ரெண்டு பேரு எழுந்து கை கழுவப் போனாங்க.

காதர் அண்ணன் ஐஸ் வாளியையே தூக்கி என் கையில குடுத்தாரு. "காசு வேணாம். வாளியும் வேணாம். போங்க சார்."

வாளிக்குள்ள கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போட்டுட்டு சாந்தி குழாய்களைச் சொருகினாங்க. மத்தியானம் மைக்ராஸ்கோப்ல பாத்தோம். முக்காவாசி செல் உயிரோட இருந்துச்சு.

மிஷினை இன்னும் யாரும் வந்து பாக்கல. இனிமே ஐஸ் வாங்க சாந்தி போவாங்க. அதுக்குப் பதிலா, அவங்க கழுவிட்டிருந்த எலிக்கூண்டை நான் கழுவுறேன்.