டிராயிங் இல்லாத விமானம்

"மொத தடவையா ஓட்டப் போறீங்க?" என்று போனில் ரிமோட் விமானக் கடைக்காரர் கேட்டார்.

"எனக்கு இல்லைங்க. ஒரு ஃப்ரெண்டுக்கு" என்றான் நிலவன்.

பொய். மதியம் கேன்டீனில் சொன்ன பொய்யின் குட்டி. ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஷாரோன் எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, ரிமோட் விமானம் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டான்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நெஜமாவா? ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சி வர்றேன். எனக்குக் கத்துக் குடுங்க."

ஆறு மாதத்தில் அவள் அவனிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. ஞாயிறு சொதப்பினால் அடுத்த ஆறு மாதத்துக்கு அதுவும் கிடைக்காது.

"அப்போ ட்ரெய்னர் எடுங்க" என்றார் கடைக்காரர். "ஃபோம்ல செஞ்சது. றெக்க மேல இருக்கும், மெதுவாப் போவும். வுழுந்தாலும் ஒட்டிக்கலாம். நம்ம சொந்தத் தயாரிப்பு சார், படப்பையிலயே செய்றோம்."

"லே, ஜெட்டு கேளுலே" என்று அறைத்தோழன் இசக்கிபாண்டி காதைக் கடித்தான். "அந்தப் பிள்ளை முன்னால கொக்கு மாதிரி ஒண்ண விட்டா நல்லாவா இருக்கும்?"

"ஜெட்டு எடுத்தா உங்க ஃப்ரெண்டு மொத நாளே சாக்குல அள்ளிக்கினு போவணும்" என்றார் கடைக்காரர். அவருக்குக் கேட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. வல்லம் வடகால் கம்பெனியில் தரச் சோதனை செய்யும் நிலவன் அளந்து பார்க்காமல் நான்கு வருடமாக ஒரு பாகமும் லைனுக்குள் போனதில்லை. விமானத்துக்கும் ஸ்கேலை எடுத்தான்.

"பாண்டி, றெக்கை மேல் பக்கமா வளைஞ்சிருக்குடா. ரெண்டும்."

"அப்ப ஒண்ணுக்கொண்ணு சரியாத்தானலே இருக்கு?"

"மோட்டார் கீழ பாக்குது. வலப்பக்கம் வேற சாஞ்சிருக்கு. இப்படி ஒரு பீஸ் என் டேபிளுக்கு வந்தா ரிஜெக்ட்தான், சிவப்பு டேக்."

சிவப்பு டேக் கட்டினான். போட்டோ எடுத்து, குறைகளுக்கு எண் போட்டு, கீழே பெயரும் எழுதிக் கடைக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"சார், அது அப்டிதான் இருக்கணும். றெக்க தூக்கினு இருந்தாத்தான் சாஞ்சாலும் தானா நிமிரும். கை வெக்காதீங்க."

"டிராயிங் இருக்கா?"

"இன்னாது?"

"அப்படித்தான் இருக்கணும்னு ஒரு டிராயிங். அது இல்லாம நான் எதையும் பாஸ் பண்றதில்ல."

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நிலவன் போனை வைத்தான்.

இறக்கைகளைச் சுடுதண்ணீரில் நனைத்து, தரையில் அழுத்தி, மேலே அரிசி மூட்டையை வைத்து நேராக்கினான். மோட்டாருக்கு வாஷர் கொடுத்து நிமிர்த்தினான். சனிக்கிழமை காலை கம்பெனிக்குப் பின்னால் காலி மனையில் விட்டுப் பார்த்தான். ஆறு வினாடி. இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

ஏன் விழுந்தது என்று கம்பெனி முறைப்படி ஐந்து முறை கேட்டுக்கொண்டான். இடப்பக்கம் கனம் என்று ஐந்தாவது பதில் வந்தது. வலது இறக்கையில் நான்கு நட்டு ஒட்டினான். வலப்பக்கம் விழுந்தது. இடது இறக்கையிலும் நான்கு ஒட்டினான். எழும்பவே இல்லை. மூக்குதான் கனம் என்று பேட்டரியை வால் பக்கம் நகர்த்தினான். விமானம் செங்குத்தாக எழுந்தது, நின்றது, யோசித்தது, மல்லாந்து விழுந்தது.

"இப்பத்தாம்லே ஜெட்டு மாதிரி இருக்கு" என்றான் இசக்கிபாண்டி.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஷாரோன் காலி மனைக்கு வந்தாள். டேப், எட்டு நட்டு, சிவப்பு டேக் எல்லாவற்றையும் பார்த்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வுடுங்க, பாக்கலாம்."

விட்டான். எழுந்தது, புரண்டது, குட்டைச் சேற்றில் மூக்கு குத்தி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்" என்றான் நிலவன். "றெக்கையையே வளைச்சு அனுப்பியிருக்கான். இதை டிசைன் பண்ண ஆளை மொதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"அவ்ளோ மோசமா?"

"நேர்ல மட்டும் வரட்டும். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன்."

அவள் போனை எடுத்தாள். "அப்பா, வாங்க" என்றாள்.

நிலவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "கெளம்பறீங்களா?"

"எனக்கு இன்னும் ஒண்ணுமே கத்துக் குடுக்கலயே" என்று அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் இரண்டு புது இறக்கைகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டும் மேல் நோக்கி வளைந்தவை. இறங்கியவர் ஒரு சுருட்டிய காகிதத்தை நீட்டினார். போனில் கேட்ட அதே குரல்.

"நீங்க கேட்ட டிராயிங் இந்தாங்க சார். வரைஞ்ச ஆளும் உங்க பக்கத்துலதான் ஒக்காந்துகினு கீது, டவுட்டு இருந்தா கேட்டுக்கங்க."