ஆறாங்கரண்டிப் போர்

வாழ்க மகேஸ்வரன். முழங்கால்வரை ஏறிய இரப்பர்ச் சப்பாத்தன். அம்முழங்கால்களிலே மருந்தெண்ணெய் கமழும் மாண்பினன். முப்பதாண்டு ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, அந்த இயந்திரமே தனக்கு முன் ஓய்வுபெறக் கண்ட பேராண்மையாளன். லாங்கன்தால் நகரின் ஓரத்தே, முன்னாளில் உழவர் ஏர்பூட்டிய வயலைக் கூறுபோட்டுத் தோட்டத்துண்டுகளாக்கிய நிலத்திலே, கத்தரியும் வெண்டியும் நட்டு, வெண்டியில் மட்டும் இன்றளவும் ஒரு காய் காணாத காவலன், அவன் வாழ்க. அவன் கையேந்திய உலோகங்காண் கருவி வாழ்க. அக்கருவியின் வயிற்றிலே குடிகொண்ட பேட்டரிகள், எடுத்த காரியம் முடியுமட்டுமாவது வாழ்க.

போர் மூண்ட காரணத்தைக் கேளுங்கள். பொன்னால் மூண்ட போருண்டு, மண்ணால் மூண்ட போருண்டு. இது வாழையிலையால் மூண்டது.

சென்ற ஆண்டு ஆவணியில், மகேஸ்வரனின் அறுபத்தைந்தாம் பிறந்தநாள் விருந்து இத்தோட்டத்திலேயே நடந்தேறியது. மூத்த விருந்தினர் அறுவருக்குப் பிளாஸ்டிக் கரண்டியோடு பாயசம் கொடுப்பது குலத்துக்கே இழுக்கெனக் கருதிய இல்லத்தரசி யோகாம்பாள், பக்கத்துத் தோட்டத்து லூத்தி அம்மையாரிடம் ஆறு வெள்ளிக் கரண்டிகளை இரவல் பெற்றாள். அவை அம்மையாரின் மாமியாருக்கு மாமியார் சீதனமாய்க் கொணர்ந்தவை. காம்பின் நுனியிலே பசுத்தலை பொறித்தவை. இதே மண்ணை உழுதோரின் நாவிலே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பட்டவை. விருந்து முடிந்தது. வயிறு குளிர்ந்த பெருமக்கள் மரபு வழுவாது இலையைத் தம் பக்கமாக மடித்தனர். உள்ளே கரண்டி கிடக்கிறதா என்று பார்த்து மடிக்கும்படி அந்த மரபு எவரையும் பணிக்கவில்லை. மகேஸ்வரன் இலைகளை ஒருசேர வாரி எருக்குழியில் இட்டான். பனி பொழிந்தது. இளவேனில் வந்தது. மக்கிய எருவை அவனே அள்ளி, தோட்டத்தின் நான்கு மூலைக்கும் வஞ்சகமின்றி இறைத்து, மண்ணோடு கொத்திக் கலந்தான்.

புளிபோட்டு மினுக்கித் தருவதாகச் சொல்லி வாங்கிவைத்த கரண்டிப் பெட்டியை அலுமாரியின் உச்சியில் வைத்து மறந்திருந்த யோகாம்பாளுக்கு, இந்த ஆடியில் ஒருநாள் தொலைபேசி மணி ஒலித்தது. பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்குக் கரண்டிகள் வேண்டும், சனிக்கிழமை நாலு மணிக்குத் தோட்டத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார் லூத்தி அம்மையார். பெட்டி திறக்கப்பட்டது. ஐந்து.

"அந்த மனுசி என்னை நம்பித் தந்தது," என்றாள் யோகாம்பாள். "இனி என்ன முகத்தோடை நான் தோட்டத்துக்கு வாறது?"

இவ்வளவே ஒரு வீரனை வாளெடுக்கச் செய்யப் போதும். அவளோ நிறுத்தினாளில்லை. "இலையோடை எருவுக்குள்ளைதான் போயிருக்கும். அத்தானுக்குப் போன் பண்ணிட்டன். அவரிட்டை மெசின் இருக்கு."

மகேஸ்வரனின் காதுகளிலே ஈயம் காய்ச்சி ஊற்றியது போலாயிற்று. அத்தான் என்று அவள் குறித்தது வின்டர்தூர் வாழ் தவராஜாவை. அவள் தமக்கையின் கணவனை. மகேஸ்வரனுக்குச் சகலனும் ஜென்மப் பகைவனும் ஆனவனை. மாகாண அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பழைய வயல்களில் உலோகம் தேடித் திரிவதையே பொழுதுபோக்காய்க் கொண்ட அந்தத் தவராஜா, ஒருமுறை எவனோ படைவீரனின் சட்டைப் பொத்தானைக் கண்டெடுத்து, அந்த வரலாற்றை நான்கு கல்யாணங்களிலும் ஒரு செத்தவீட்டிலும் விரித்துரைத்திருந்தான். பொத்தானுக்கே இப்படியென்றால் கரண்டிக்கு எப்படியிருக்கும். லோசான் முதல் வின்டர்தூர் ஈறாக, எந்த மண்டபத்தில் எந்தப் பந்தியில் அமர்ந்தாலும், "இலையோடை கரண்டியையும் எறிஞ்ச ஆள் இவர்தான்" என்ற பட்டம் மகேஸ்வரனுக்கு முன்பே வந்து கதிரை பிடித்திருக்குமன்றோ. ஆதலின் மாவீரன் அன்றிரவே இணையத்தில் ஆராய்ந்து, மறுநாள் புகையிரத நிலையத்தில் முன்பின் அறியாத ஒரு வாலிபனிடம், பாவித்துப் பழசான கருவியொன்றைத் தனக்கென வாங்கினான்.

சனிக்கிழமை உச்சிவேளை. காதுமறைக்கும் காதொலிப்பானே மணிமுடியாக, இடையிலே சிறுமண்வாரி தொங்க, காட்டுப்படையினரின் புள்ளிக் காற்சட்டை தரித்துத் தவராஜா களம்புகுந்தான். மகேஸ்வரனின் கையிலிருந்த கருவியைக் கண்டான். நகைத்தான்.

"ஐசே மகேசு, உதை வைச்சிட்டுத் தள்ளி நில்லும். உது பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான்."

"அண்ணை, இது நான் கொத்தின மண். கத்தினால் எனக்குத்தான் கத்தும்."

வஞ்சினம் கூறியாயிற்று. இனித் தடையேது. இடியேறு இரண்டு ஒரே முகிலிற் புகுந்தாற்போல, மதகரி இரண்டு ஒரே வாய்க்காலில் இறங்கினாற்போல, சகலர் இருவரும் கத்தரிப் பாத்திக்குள் பாய்ந்து, இடமும் வலமுமாய்க் கருவி வீசி, ஒலித்த இடமெல்லாம் அகழ்ந்து, அகழ்ந்த இடமெல்லாம் ஏமாந்து, உழவர் குடி விட்டுச்சென்ற ஒடிந்த கலப்பைப் பல்லையும், குதிரை லாடத்தையும், பசுவின் கழுத்துச் சங்கிலிக் கண்ணியையும், தாகந்தீர்த்தோர் எறிந்த பியர் மூடிகளையும் ஒவ்வொன்றாய்ச் சிறைபிடித்து, புல்லின்மேல் நிரைநிரையாய்க் கிடத்தினர்.

"இது வெள்ளிச் சத்தம்," என்று ஒருமுறை தவராஜா கையுயர்த்தி முழங்கினான். "எனக்குத் தெரியும். இருவது வருச அனுபவம்."

மண் வழிவிட்டது. மத்திமீன் டின் ஒன்று வெளிப்பட்டது.

"மீனுக்கும் வெள்ளிதானே அண்ணை நிறம்," என்றான் மகேஸ்வரன்.

இந்த இகழுரை வேலினும் ஆழப் பாய்ந்தது. அதன்பின் ஒருவனை ஒருவன் கணமும் நம்பவில்லை. தவராஜா வடக்கே அடிவைத்தால் மகேஸ்வரன் அவன் நிழலிலே அடிவைத்தான். மகேஸ்வரன் குனிந்தால் தவராஜாவின் தலை அவன் தலையில் முட்டியது. அவ்வாறு தோளொடு தோளுரச நின்றபோதுதான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. இரு கருவிகளும் ஒருங்கே ஓலமிட்டன. ஆயிரம் கரண்டி ஓரிடத்தே புதைந்தாற்போன்ற ஓலம். தோண்டினர். இன்னும் ஓலம். முழங்கால் ஆழம் தோண்டினர். ஓலம் குறையவில்லை. காய்த்துக் குலுங்கிய கத்தரிச்செடிகள் வேரோடு சாய்ந்து வீரசுவர்க்கம் எய்தின, மண்புழுக்கள் புலம்பெயர்ந்தன, பள்ளத்திலே புதுமண் தவிரப் பிறிதொன்றுமில்லை.

மூன்றரை மணிக்குத் தவராஜா வாய்வறண்டு, கருவியும் கையுமாய்த் தோட்டக் கொட்டிலில் இருந்த தேத்தண்ணிப் போத்தலை நாடிச் சென்றான். மகேஸ்வரனின் கருவி வாயடங்கிற்று. குடித்துவிட்டுத் தவராஜா திரும்பிவந்து பள்ளத்தருகே நின்றான். கருவி மீண்டும் அலறிற்று. மினுக்கிய ஐந்து கரண்டிகளையும் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசலில் இருந்த யோகாம்பாள் எழுந்து வந்தாள்.

"இஞ்சருங்கோ, ரெண்டு மெசினும் ஒண்டுக்கொண்டு சண்டை பிடிக்குதுகள். கிட்டக் கிட்ட நிண்டால் கரண்டி எங்கை கத்திறது. ஒராள் நிப்பாட்டுங்கோ."

தவராஜா திகைத்தான். இருபதாண்டும் அவன் தன்னந்தனியே வயலுக்குப் போனவன். அவனோடு கூடப்போக எவரும் இசைந்ததில்லை. ஆகவே இந்தச் சூட்சுமத்தை அறிய அவனுக்கு வாய்ப்பேயில்லை.

"அப்ப மகேசு, நீர் நிப்பாட்டும்."

"ஏன், நீங்கள் நிப்பாட்டினால் ஆகாதோ?"

களம் உறைந்தது. காற்று நின்றது. இரு பெருவிரல்கள் இரு பொத்தான்களின் மேலே, அழுத்தாமல் நின்றன. தொலைவிலே தேவாலய மணி மூன்றேமுக்கால் அடித்தது. யோகாம்பாள் பெட்டியின் மூடியைத் திறந்து, வெறுமையாய்க் கிடந்த ஆறாவது கரண்டிக்குரிய குழிவைப் பார்த்து, மறுபடி மூடினாள். மகேஸ்வரன் அதைக் கண்டான். எண்ணற்ற கல்யாண மண்டபங்கள் அவன் கண்முன் விரிந்தன, எண்ணற்ற பந்திகள், அத்தனை பந்தியிலும் தவராஜாவின் திறந்த வாய். யாவற்றையும் ஒருமுறை விழிநிறையப் பார்த்து முடித்து, மலைபெயர்க்கும் மனத்திண்மையோடு, தன் கருவியை அணைத்தான்.

பேரமைதி. தவராஜா தனியே நடந்தான். கத்தரி கடந்தான், வெங்காயம் கடந்தான், காய்க்காத வெண்டியின் காலடிக்கு வந்தான். அங்கே, குயிற்குஞ்சு முதல்முறை கூவினாற்போல, ஒரே ஒரு தெளிந்த ஒலி. ஒரு கை மண்ணுக்குக் கீழே, கறுத்து, களிமண் அப்பி, பசுத்தலையோடு கிடந்தது கரண்டி.

"சொன்னனான் எல்லோ," என்றான் தவராஜா.

யோகாம்பாள் கரண்டியைப் பறித்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள். புளியால் தேய்த்தாள், மண்ணால் தேய்த்தாள், முந்தானையால் தேய்த்தாள். பசுவின் கண் இரண்டும் ஒளிவிட்டன. தோட்டத்துப் படலையைத் திறந்து லூத்தி அம்மையார் வந்தார். மூவரும் நிரையாய் நின்றனர், தீர்ப்புக்கு நிற்பார் போல, நகக்கண்ணில் மண்ணோடு. அறுபெருங்கரண்டிகளும் தத்தம் ஆசனத்தில் அமர்ந்து சுடர்வீசும் பெட்டியை யோகாம்பாள் இருகையாலும் ஏந்தி, தலைதாழ்த்தி நீட்டினாள். பிடுங்குண்ட கத்தரிகளும் மண்மேட்டின்மேல் கிடந்தபடியே மூச்சடக்கிக் காத்திருந்தன.

லூத்தி அம்மையார் பெட்டியைத் திறந்து பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.