எழுபத்துநாலாம் பக்கம்

எங்கள் கல்லூரியில் பிரின்சிபாலுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயப்படாதவர்கள்கூட ஓரிருவர் இருந்தார்கள். ரெஃபரன்ஸ் சாருக்குப் பயப்படாதவர் என்று ஒருவரை எழுபதுகளின் திருச்சியில் நான் பார்த்ததில்லை.

விலங்கியல் பேராசிரியர். ஸ்ரீரங்கத்துக்காரர். குரலை உயர்த்தியதே கிடையாது. வராந்தாவில் எதிரே வந்து, "ஒரு நிமிஷம். அந்த வௌவால் பேப்பர் படிச்சேளா?" என்பார். அவ்வளவுதான். கேட்கப்பட்டவர் அன்று மத்தியானம் லீவு போட்டுவிடுவார்.

கோபுரத்து வௌவாலைப் பற்றி விலங்கியல் இதழில் எழுதினார். அதன் எச்சம் கல்லை அரிப்பதைப் பற்றி வேதியியல் இதழில் எழுதினார். அந்தக் கல்லில் இருந்த எழுத்து அழிவதைப் பற்றி வரலாற்று இதழிலும் எழுதிவிட்டார். ஒரே வௌவால் மூன்று துறைகளில் பறந்தது. திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குழாய்களில் படியும் பாசியில் இறங்கியபோது, இன்ஜினியர்களும் அவரைக் கண்டால் ஒளிய ஆரம்பித்தார்கள்.

எழுதியதோடு விட்டாரா என்றால் இல்லை. உலகத்தில் எவர் அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டினாலும், அதற்கென்று ஒரு அட்டை எழுதி பிஸ்கட் டின்னில் அடுக்குவார். கோடை விடுமுறையில் மற்றவர்கள் கொடைக்கானல் போவார்கள். இவர் பூதக்கண்ணாடியோடு மெட்ராஸ் போய், யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பொடி எழுத்தில் அச்சிட்ட தலையணைப் புத்தகங்களில் தன் பெயரைத் தேடுவார்.

நான் அப்போது அங்கே தற்காலிக டியூட்டர். நத்தைகளைப் பற்றி ஆய்வேடு கொடுத்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தேன். டாக்டர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீட்டில் இருப்பது நிரந்தரம்.

தேர்வுக்கு நாலு நாள் முன்பு, கேன்டீனில் சக டியூட்டர் லூர்துசாமி வடையைப் பிய்த்தபடி கேட்டான்.

"ரெஃபரன்ஸ் சாரோட நத்தை பேப்பர் உன் தீசிஸ்ல இருக்குல்ல? பக்கம் என்ன போட்ட?"

"எழுபத்துநாலு."

வடை பாதி வழியில் நின்றது.

"செத்தடா மாப்ள. அது நாப்பத்தேழு. எவனோ ஒருத்தன் முதல்ல மாத்திப் போட்டுட்டான். அவனைப் பார்த்து இவன், இவனைப் பார்த்து இன்னொருத்தன். எழுபத்துநாலுன்னு போட்டவன் எவனும் கட்டுரையைக் கண்ணால பார்க்கலைன்னு அவருக்குத் தெரியும். போன வருஷம் ஒருத்தனை சபையில நிக்க வெச்சு, அந்த இதழ்ல எழுபத்துநாலாம் பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டார்."

"என்ன இருக்கு?"

"எருமை வயித்துப் புழு."

"அவன் என்ன ஆனான்?"

"உப்பிலியபுரத்துல அப்பா நிலத்தைப் பார்த்துக்கறான்."

என் அப்பாவுக்கு நிலமும் கிடையாது.

தேர்வுக்கு முன் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று ஆய்வேட்டை நூலகத்தில் வைப்பது வழக்கம். யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் வழக்கம். பிளேடும் கறுப்பு மையுமாக ஓடினேன். இரண்டு எண்ணைச் சுரண்டி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? அலமாரியில் ஆய்வேடு இல்லை. அந்த இடத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது. எடுத்துப் போனவர் கையெழுத்து, ரெஃபரன்ஸ் சாருடையது.

உச்சிப் பிள்ளையாரிடம் ஏறிப் போய் முறையிட்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல், ஆராய்ச்சியாளன் எவனும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தேன். அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். மூன்று தடவை.

தேர்வன்று அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் ஆய்வேடு. வெளியூர்த் தேர்வாளர் சபையைப் பார்த்து, "யாராவது கேக்கறீங்களா?" என்றதும் எழுந்தார்.

"ஒரு நிமிஷம். என் நத்தை பேப்பர் படிச்சேளா?"

பொய் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். என்னிடம் அதுவும் இல்லை.

"தீசிஸ் எழுதும்போது படிக்கலை சார், பக்க எண்ணும் தப்பு. முந்தாநாள்தான் படிச்சேன்."

யாரோ இருமினார்கள். பயத்தில் என் வாய் அதோடு நிற்கவில்லை.

"மூணாவது அட்டவணையில மொத்தம் நூத்திப்பதினெட்டு நத்தைன்னு இருக்கு சார். கூட்டினா நூத்தியெட்டுதான் வருது."

லூர்துசாமி கண்ணை மூடிக்கொண்டான். ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரிடம், நூற்றெட்டைத் தவறவிட்டீர் என்று சபையில் சொல்லியிருந்தேன்.

ரெஃபரன்ஸ் சாரின் கை தனக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"அச்சாகி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றார். "யாராவது படிச்சுட்டு லெட்டர் போட்டுக் கேப்பாள், அப்புறம் திருத்தம் அனுப்பலாம்னு இருந்தேன். பன்னெண்டு வருஷமாச்சு. ஒருத்தரும் கேக்கலை."

வராந்தாவில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், என்ன பதில் வருமோ என்று அவரும்தான் பயந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தேர்வாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பக்க எண்ணை மட்டும் திருத்திக் குடுத்துடுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரெஃபரன்ஸ் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டாவது அட்டவணை புரிந்ததா, முடிவுரை நீளமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்ரீரங்கம் பஸ் மூன்று வந்து போய்விட்டன. நான்காவது வந்து நின்றபோது, அதில் அவர் ஏறிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.